மூன்று நிமிடம் உட்கார வேண்டிய நாய்

1987 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபத்தெட்டு நிமிடம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பருத்திப்பட்டு ஏரிப் பக்கமிருந்து ஈரக் காற்று வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அது நின்றுவிடும், பிறகு புழுக்கம்தான் என்று நான் அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்று என் கையில் கடிகாரம் இல்லை. ஆகவே இந்த நிமிடக் கணக்கு என் மனைவி சொன்னது.

ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பின் விளையாட்டு மைதானத்தில் பத்தொன்பது நாய்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தன. சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வொரு நாய்க்கும் இடையே நான்கு கை தூரம் விட்டிருந்தார்கள். கோட்டுக்கு எதிரே இருபது அடி தள்ளி நாய்க்காரர்கள் நின்றோம். வேலிக்கு வெளியே குடியிருப்பில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். ஒருவன் வேர்க்கடலை வண்டியையே தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். வரிசையில் ஏழாவதாக இருந்தது எங்கள் நாய். மணல் நிறம், இடது காது கிழிந்தது, சாதி என்று கேட்டால் தெருச்சாதி. அது மூன்று நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எங்களோடு இருக்கும். எழுந்தால் ஒரு வாரத்துக்குள் குடியிருப்பை விட்டுப் போக வேண்டும்.

இந்தத் தேர்வு ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் குடியிருப்பில் மூன்று பேரை நாய் கடித்தது. மூன்றாவது ஆள் பால்காரர். கெண்டைக்காலில் கடி, பாலும் போயிற்று. பிப்ரவரி கடைசியில் கூட்டுறவுப் பண்டகசாலைப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். வீட்டு நாய் எல்லாவற்றுக்கும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுச் சான்று காட்ட வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு நடக்கும் தேர்வில் நாய் கயிற்றோடு ஒழுங்காக நடந்துகாட்ட வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும், சொன்ன இடத்தில் மூன்று நிமிடம் உட்கார வேண்டும். தேறாத நாயை வைத்துக்கொள்ளக் கூடாது. நாமே எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அல்லது வண்டி வந்து பிடித்துப் போகும். அந்த வண்டியில் ஏறிய நாய் திரும்பி வந்ததை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

எங்கள் வீடு வரிசையில் கடைசி, தரைத்தளம். பின்னால் சுற்றுச்சுவர், அதற்கப்பால் முள்காடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் எனக்கு இரவுப் பணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாரம் முழுக்க என் மனைவி எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். காலையில் நான் வந்து கதவைத் தொடுவதற்குள் திறந்துவிடுவாள். கண் இரண்டும் சிவந்திருக்கும். விருதுநகரில் முப்பது பேர் புழங்கும் வீட்டில் பிறந்தவள், தனியாகத் தூங்கிப் பழகாதவள். அவளைக் குறை சொல்லி என்ன செய்வது?

1985 மழைக்காலத்தில் இந்த நாய் வந்து எங்கள் வாசலில் ஒதுங்கியது. முதலில் விரட்டச் சொன்னவள் அவள்தான். சோறு வைத்தவளும் அவள்தான். அடுத்த இரவுப் பணி வாரம் முதல் நாள் காலை வந்து கதவைத் தட்டுகிறேன், திறக்கவில்லை. இன்னொரு முறை தட்டினேன். நாய் வாசலில் படுத்தபடி என்னை ஒரு கண்ணால் பார்த்தது. ஐந்தாவது தட்டலுக்குத்தான் அவள் வந்தாள். தலை கலைந்து, கன்னத்தில் பாய்த் தடத்தோடு. என்னை வாசலில் காக்கவைத்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

அறிவிப்பைப் படித்துவிட்டு நான் வந்து சொன்னபோது அவள் சத்தம் போடவில்லை. "நாயி போச்சுன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருதேன். உங்க நைட்டு வாரத்துல மட்டும் போயிட்டு வாரேன்" என்றாள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை விருதுநகர் போய் வருவது நடக்கிற காரியமா? போனால் போனதுதான் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

தேர்வுக்கு முன் இரண்டு ஞாயிறு வகுப்பு நடந்தது. தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் நாய்களைப் பார்த்துக்கொள்பவர் சொல்லிக்கொடுத்தார். அடிக்காதீர்கள், சொன்னதைச் செய்த உடனே வாயில் ஏதாவது கொடுங்கள், ஒரு நேரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அவ்வளவுதான் பாடம். நான் டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கி, விரல் நகம் அளவுக்கு உடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டேன். எங்கள் நாய் பொறைக்காகச் சொத்தை எழுதிக் கொடுத்துவிடும். கயிற்றோடு நடப்பதற்கு எட்டு நாள் ஆயிற்று. கூப்பிட்டால் வருவதற்கு ஐந்து நாள். 'உட்கார்' என்றால் வயிற்றில் கயிறு கட்டி இழுத்த மாதிரி பொத்தென்று உட்காரும். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டவரிடமெல்லாம் சொன்னேன், கேட்காதவரிடமும் சொன்னேன்.

அப்புறம் மூன்று நிமிடத்துக்கு வந்தோம். அங்கே நின்றுபோயிற்று.

வீட்டுக்குப் பின்னால் சந்தில் அதை உட்காரவைத்து, இருபது அடி நடந்து, திரும்பி நிற்பேன். அது என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சரியாக ஒரு நிமிடம் ஆனதும் எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிடும். மறுபடி உட்காரவைப்பேன். மறுபடி ஒரு நிமிடம். ஒரு விநாடி முன்னே பின்னே கிடையாது. நான் ஆய்வுப் பிரிவில் இருந்தவன், அளப்பது என் பிழைப்பு. ஆகையால் நான் கண்ட முடிவு, இந்த நாய்க்கு ஒரு நிமிடம் துல்லியமாகத் தெரிகிறது என்பது. வேலையிடத்தில் அதைச் சொல்லவும் சொன்னேன். பக்கத்து வீட்டு வெல்டர், நெமிலிச்சேரிக்காரர், சொந்தமாக ஒரு வெள்ளை பொமரேனியன் வைத்திருந்தவர், சாப்பாட்டு அடுக்கைத் திறந்துகொண்டே பதில் சொன்னார்.

"அப்ப பேக்டரி சங்கு ஊதுற வேலய அதுக்கே குட்துட சொல்லு அண்ணாத்தே. மாசாமாசம் சம்பளம் வரும், உனக்கும் சோறு போடும்."

சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று. அவர் நாயும் அப்போது ஒரு நிமிடம் தாண்டவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் நாய் மேல் திரும்பியது. செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். வலிக்காது, சத்தம்தான் கேட்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, எழும்போதெல்லாம் முதுகில் ஒன்று வைத்தேன். இப்படி ஒன்பது நாள். நாய் இன்னும் ஒரு நிமிடத்தில் எழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வாலை ஆட்டிக்கொண்டு வரவில்லை. தரையோடு தரையாக, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு வந்தது.

பத்தாவது நாள் என் மனைவி பின்வாசல் படியில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பேப்பரை ஓங்கியதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அதை ஏன் அடிக்கிறீக? நீங்க வான்னு கூப்பிடுறீக, அது வருது."

நான் வாயே திறக்கவில்லை என்றேன்.

"வாயி எதுக்கு? கையைத் தூக்குறீகல்ல. தினமும் ஆலைக்குக் கிளம்பையில தூக்குவீகளே, அதே மாதிரி."

நான் கையைப் பார்த்தேன். இடது கை நெஞ்சு உயரத்தில் இருந்தது, மணி பார்க்கத் தூக்கியபடி.

அவள் சொன்னதை நான் உடனே நம்பிவிடவில்லை. நம்புகிற சுபாவம் எனக்கு இல்லை, அளந்து பார்க்க வேண்டும். நாயை உட்காரவைத்துவிட்டு நடந்து, திரும்பிய உடனே மணிக்கட்டைத் தூக்கினேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. எழுந்து வந்தது. மறுபடி உட்காரவைத்து, மனதுக்குள் ஒரு நிமிடம் ஆகட்டும் என்று கையைத் தொங்கவிட்டு நின்றேன். எழவில்லை. இன்னும் நின்றேன். எழவில்லை. மெதுவாக மணிக்கட்டைத் தூக்கினேன், எழுந்தது. கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு வெறும் கையைத் தூக்கினேன். அதற்கும் எழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஏதோ புது உலோகத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி சந்தில் முன்னும் பின்னும் நடந்தேன். பதினோரு முறை செய்து பார்த்த பிறகு மனைவி, நாய்க்கு நாக்குத் தொங்குகிறது, போதும் என்று நிறுத்தினாள்.

யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. பகல் பணி நாள்களில் காலை ஏழு ஐந்துக்கு நான் தட்டைத் தள்ளிவிட்டு மணி பார்ப்பேன். பார்த்ததும் எழுந்து பையை எடுப்பேன். நாய் என்னோடு பிரதான வாயில்வரை வந்து, நான் உள்ளே போனதும் திரும்பிவிடும். அதன் நாளில் அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. என் மணிக்கட்டு மேலே போனால் கிளம்பு என்று அர்த்தம், ஒன்றரை வருடமாக அதை அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். சந்தில் மனதுக்குள் அறுபது எண்ணிவிட்டு, ஒரு நிமிடம் ஆயிற்றா என்று பார்ப்பேன், அது கிளம்பும். சொன்ன பேச்சைக் கேட்டதற்காக ஒன்பது நாள் பேப்பரால் வாங்கியிருக்கிறது. அன்று டப்பாவில் இருந்த பொறை அத்தனையும் அதற்கு வைத்தேன். தின்றுவிட்டு என் கால் மேல் படுத்துக்கொண்டது. அதற்கு மனதில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

அன்றிலிருந்து கடிகாரத்தைக் கட்டவில்லை. வீட்டில் கட்டாமல் வெளியே கட்டிப் பார்த்தேன், வீட்டிலும் கை தானாகத் தூக்கிக்கொண்டது. முழுதாக விட்டால்தான் பழக்கம் போகும். கணக்குப் பார்த்தே பழகிய ஒரு மனிதனுக்கு இது எப்படிப்பட்ட தண்டனை என்று சொல்லி விளங்கவைக்க முடியாது. இரண்டு நாள் தாமதமாகப் போய் இரண்டு நாளும் அரைநாள் சம்பளம் வெட்டு வாங்கினேன். சந்தில் நிற்கும்போது விரல் தொடையில் தாளம் போட்டுக் கணக்கிட ஆரம்பிக்கும், நாய் அதையும் பார்த்துப் பரபரக்கும். ஆகவே எண்ணவும் கூடாது. ஆவடி, திருமுல்லைவாயில், அம்பத்தூர், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று ரயில் நிலையங்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டு நிற்பேன். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் மறைந்து நின்று மனைவி என் கடிகாரத்தைப் பார்ப்பாள். மூன்று நிமிடம் ஆனதும் கம்பியில் டம்ளரைத் தட்டுவாள். நான் போய்ப் பொறை கொடுப்பேன். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு முதல்முறையாக டம்ளர் சத்தம் கேட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் அவள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

இப்போது மைதானத்துக்கு வருகிறேன். நடப்பதும் கூப்பிட்டால் வருவதும் முடிந்து, உட்காரும் தேர்வு. நடுவர் எங்கள் பாதுகாப்பு அதிகாரி, முன்னாள் ராணுவத்தார், நாய்களோடு பழகியவர். கையில் நிறுத்துகடிகாரம் வைத்திருந்தார். விசில் ஊதினார். எனக்கு இடப்பக்கம் வெல்டர், புதுத் தங்க நிறக் கடிகாரத்தோடு நின்றார். முதல் நிமிடத்தில் இரண்டு நாய்கள் எழுந்தன. வேலிக்கு வெளியே கூட்டம் ஊளையிட்டது. எங்கள் நாய் உட்கார்ந்திருந்தது. நான் திருமுல்லைவாயில் தாண்டி அம்பத்தூர் வந்திருப்பேன்.

அப்போது சங்கு ஊதியது.

ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதுவது வழக்கமில்லை. அது மார்ச் மாதக் கடைசி. உற்பத்திக் கணக்கு முடிக்க ஏதோ ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதல் பணி போட்டிருந்தார்கள், அதற்காக ஏழரைச் சங்கு. தேர்வு ஏற்பாடு செய்தவர்களுக்கு அது நினைவில்லை. எங்கள் ஊரில் சங்கு ஊதினால் என்ன நடக்கும் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கடைவீதியில் இருந்தாலும், கல்யாணப் பந்தியில் இருந்தாலும் அத்தனை பேரும் மணிக்கட்டைத் தூக்குவார்கள். கடிகாரம் சங்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள், முந்தியிருந்தால் பின்னால் திருப்புவார்கள். வருடக்கணக்கான பழக்கம், மூச்சு விடுவது போல.

கோட்டுக்கு எதிரே நின்ற நாய்க்காரர்கள் மணிக்கட்டைத் தூக்கினார்கள், வெல்டர் உட்பட.

நாய்கள் எழுந்தன. ஒன்றிரண்டு அல்ல, வரிசையே எழுந்தது. அவரவர் ஆளிடம் ஓடியது, ஆளைத் தாண்டிப் பிரதான வாயில் பக்கம் ஓடியது, திரும்பி நின்று ஏன் இன்னும் வரவில்லை என்று குரைத்தது. வேர்க்கடலை வண்டி சாய்ந்தது. பொமரேனியன் பந்து போல மைதானத்தைச் சுற்றி வந்தது.

என் இடது கையும் கிளம்பிவிட்டது. பொய் சொல்லவில்லை. கடிகாரம் இல்லாத கை, வயிறு உயரத்துக்கு வந்துவிட்டது. எங்கள் நாயின் பின்புறம் தரையிலிருந்து எழும்பியது. நான் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். நாய் பாதி எழுந்த நிலையில் என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். பிறகு அது மெதுவாக உட்கார்ந்தது.

இன்னும் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் ஆயுளில் அளக்காமல் நின்ற மிக நீண்ட நேரம் அதுதான். பொமரேனியன் வந்து எங்கள் நாயின் முகத்தருகே நின்று குரைத்தது. தலையை மட்டும் திருப்பி, மறுபடி என் பக்கம் திருப்பிக்கொண்டது. வில்லிவாக்கம் போய், சென்ட்ரல் போய், மறுபடி ஆவடியில் ஏறினேன். விசில் ஊதியபோது கோட்டில் மூன்று நாய்கள்தான் இருந்தன. எங்களுடையது ஒன்று. கடிகாரம் கட்டாத ஒரு அம்மாள் கொண்டுவந்தது ஒன்று. மூன்றாவது தூங்கிக்கொண்டிருந்தது.

வேலி ஓரம் பார்த்தேன். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நாய் என்னிடம் ஓடி வந்து மோதியதில் நான் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்து பார்த்தால் வெல்டர் கோட்டருகே நாயைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சங்குச் சத்தத்தில் நாய்கள் மிரண்டுவிட்டன, இது நியாயமில்லை என்று எல்லோரும் அதிகாரியைச் சூழ்ந்துகொண்டு பேசினார்கள். சத்தத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். வேலைநாளில் அந்தச் சங்கு ஊதும்போது நாங்கள் எல்லோரும் உள்ளே இருப்போம், நாய்கள் வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருக்கும். நான் கூட்டத்துக்குள் நுழைந்து அதிகாரியிடம் சொன்னேன். "சார், சங்குக்கு எழலை. எங்க கைக்கு எழுந்தது." மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினேன். எங்கள் நாய் உடனே வாயிலைப் பார்த்துக் கிளம்பியது.

வெல்டர் என்னை வெறித்துப் பார்த்தார். "இது உனக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சிகினா கம்முனு இருந்த?"

என் நாய்க்கு மட்டும்தான் இந்தக் கோளாறு என்று நினைத்தேன் என்றேன். அது உண்மை. ஊர் முழுக்க அதே நேரத்தில் மணி பார்த்து அதே நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிறோம் என்பது அதுவரை என் மண்டைக்கு எட்டவில்லை.

அதிகாரி எங்கள் நாய் போன பக்கம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி நீட்டினார். "எல்லாரும் வாட்ச்சை இதுல போடுங்க. இன்னொரு தடவை."

கடிகாரங்கள் ஒவ்வொன்றாகத் தொப்பியில் விழுந்தன. வெல்டர் கடைசியாகப் போட்டார், போடுமுன் ஒருமுறை மணி பார்த்துக்கொண்டார், அவர் நாய் இறங்கி ஓடப் பார்த்தது. கூட்டமே சிரித்தது. எழுந்து போன பதினாறு நாய்களும் மறுபடி கோட்டில் உட்கார்ந்தன. கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், விரலைக்கூட ஆட்டாதீர்கள், மனதுக்குள் ரயிலில் போங்கள் என்று நான் வரிசை நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. மூன்று நிமிடம் அந்த மைதானத்தில் வேர்க்கடலை உடைக்கும் சத்தம்கூட இல்லை. விசில் ஊதியபோது பதினான்கு நாய்கள் உட்கார்ந்திருந்தன. எழுந்த இரண்டுக்கும் ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். வெல்டர் பொமரேனியனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, "உன் சம்சாரத்தாண்ட சொல்லு அண்ணாத்தே, எங்க ஊட்ல ஒரு நாள் சோறு அதுக்கு" என்று எங்கள் நாயைக் காட்டினார்.

மறுநாள் எனக்கு இரவுப் பணி தொடங்கியது. செவ்வாய்க்கிழமை காலை வந்து தட்டினேன். நாய் வாசலில் படுத்திருந்தது, கழுத்தில் தேறிய நாய்க்குக் கொடுத்த புதுத் தகடு. நான்கு முறை தட்ட வேண்டியிருந்தது.

அந்த வாரம் உட்கார்ந்து, நாயை வைத்துக்கொள்ள ஆன செலவைக் கூட்டிப் பார்த்தேன். தடுப்பூசி முப்பத்திரண்டு ரூபாய். கழுத்துப்பட்டையும் கயிறும் இருபத்து நாலரை. பொறை பதினெட்டே முக்கால். தகடு பத்து. இரண்டு அரைநாள் சம்பள வெட்டு அறுபத்திரண்டு ரூபாய் நாற்பது காசு. ஆக மொத்தம் நூற்று நாற்பத்தேழு ரூபாய் அறுபத்தைந்து காசு.